இலங்காமணியின் கைப்புகை

ஆயுத பூசையன்று ஆவாரங்குளம் காவல் நிலையத்தில் எஸ்.ஐ. இலங்காமணியின் கைத்துப்பாக்கி வெடித்தது. குண்டு டீக்கடை கோமதிநாயகத்தின் இடது கெண்டைக்காலைத் துளைத்துக்கொண்டு போய்ச் சுவரில் பதிந்தது, சத்தம் தெருக்கோடி வரைக்கும் ஓடி அங்கே படுத்திருந்த நாய்களை எழுப்பிவிட்டு அடங்கியது, எல்லாம் அதது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட, புகை மட்டும் போகவில்லை. ஒரு கைப்பிடி வெள்ளைப் புகை இலங்காமணியின் வலது கையருகே நின்றது. அவர் கோமதிநாயகத்தைத் தூக்க ஓடினார், அதுவும் ஓடியது. ஜீப்பில் ஏறினார், அதுவும் ஏறியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார், அவர் தலைமுடி பறந்தது, சட்டைக் காலர் பறந்தது, புகை பறக்கவில்லை. அந்தப் பக்கமாக வந்த நர்ஸ் இங்கே பீடி குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவளிடம்தான் இலங்காமணி முதன்முதலாக அந்த வார்த்தையைச் சொன்னார்.

"பீடி இல்லம்மா. துப்பாக்கி தானா வெடிச்சிட்டு."

வாயில் வந்தது வந்துவிட்டது. பிறகு அதையே டி.எஸ்.பி.யின் முன்னால் விறைப்பாக நின்று சொன்னார், வீட்டில் மனைவி கனியம்மாளிடம் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார், பால்காரரிடம் சொன்னார், கோமதிநாயகத்தின் கட்டிலருகே குனிந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டும் சொன்னார். சொல்லச் சொல்ல அந்தச் சொல் வழவழப்பாகி வாயில் தங்க இடம் பிடித்துக்கொண்டது. அவர் சொல்லும்போதெல்லாம் புகை பக்கத்தில் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

நடந்தது வேறு. பூசையன்று எதையும் வெறுமையாக வைக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். வீடுகளில் அரிசிப் பானையும் குடமும் நிறைந்திருக்கும், ஜீப்பில் டீசல் நிறைந்திருக்கும், ஸ்டேஷனில் ஸ்டேப்ளருக்குக்கூடப் பின் அடைத்துத்தான் பொட்டு வைப்பார்கள். ஆயுதங்களுக்குப் பொறுப்பாக இருந்த பெண் காவலர் முப்பிடாதி, கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு விடியும் முன்பே வந்து, எல்லாத் துப்பாக்கிகளிலிருந்தும் குண்டுகளைக் கழற்றித் தனியே பூட்டிவிட்டு, ஒவ்வொன்றையும் துடைத்து வாழையிலையில் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பூச்சரம் சுற்றியிருந்தாள். இலங்காமணி வந்து பார்த்தார். பூசைக்கு வைத்த அம்மன் படத்தைக் காட்டி, அம்மா முன்னால் வெறும் துப்பாக்கியையா வைப்பது என்று கேட்டார். விதிப்படி குண்டு இருக்கக் கூடாது ஐயா என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே சாவியை வாங்கித் தன் துப்பாக்கிக்குத் தானே குண்டுகளை அடைத்து, இழுத்து ஏற்றி, விசை இறங்காமலிருக்கப் பாதுகாப்புப் பூட்டைப் போட்டு, இலையில் திரும்ப வைத்தார். இதுவரை நடந்ததை முப்பிடாதி பார்த்தாள்.

அப்புறம் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. கற்பூரம் காட்டினார்கள், எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டுக் கண்ணை மூடினார்கள், இலங்காமணி மட்டும் ஏனோ ஒரு கண்ணைத் திறந்தார். சந்தனப் பொட்டோடு துப்பாக்கி அழகாக இருந்தது. சர்வீஸில் சேர்ந்த நாளிலிருந்து மைதானத்தில் காகிதத்தைச் சுட்டதைத் தவிர அவர் ஒன்றையும் சுட்டதில்லை. எடுத்தார். வாசலோரம் கண்ணை மூடி நின்ற கோமதிநாயகத்தின் வலது கையில் டீ கொண்டுவந்த பித்தளைத் தூக்குவாளி பளபளத்தது. ஒரு கண்ணைச் சுருக்கி அந்தத் தூக்கைக் குறி பார்த்தார், சத்தம் வராமல் உதட்டைக் குவித்து டிஷ்யூம் என்றார், பூட்டுத்தான் இருக்கிறதே என்று விரலை அமுக்கினார். பேரன் எடுக்கிற வயதில், காக்கிச் சட்டை போட்ட மனிதர், சின்னப்பிள்ளைபோல விளையாடினார். கவனக்குறைவு என்றால் சொல்லிவிடலாம், கோபத்தில் சுட்டேன் என்றால்கூடச் சொல்லிவிடலாம், விளையாடினேன் என்று எந்த வாயால் சொல்வது? அந்த வெட்கம்தான் அவர் வாயைக் கட்டியது.

ஊர் முதலில் புகையைப் பார்க்காத மாதிரி இருந்தது. அது ஆவாரங்குளத்தின் மரியாதை. ஸ்டேஷனில் எழுத்தர் தன் காகிதங்களை இரண்டு விரல் தள்ளி வைத்துக்கொண்டார், பஸ்ஸில் கண்டக்டர் ஜன்னலோரம் இடம் ஒதுக்கிக் கொடுத்தார், கல்யாண வீட்டில் போட்டோ எடுப்பவர் ஐயா சற்று ஓரமாக நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கனியம்மாள் தலையணை உறையைத் தினமும் துவைத்தாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. மழை பெய்து பார்த்தது, ஐப்பசிக் காற்று அடித்துப் பார்த்தது, இலங்காமணி கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு பார்த்தார், பைக்குள்ளிருந்து புகை எட்டிப் பார்த்தது.

அதற்கு ஒரு பெயர் கொடுத்தவன் கோமதிநாயகம்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நொண்டிக்கொண்டு திரும்பியவன் கடையைத் திறந்து முதல் டீயை ஆற்றிக்கொண்டே, பீடிப் புகை கலையும், வெடிப் புகை கலையும், இது கலையவில்லை என்றால் அம்மா விட்ட புகை, துப்பாக்கி தானாக வெடித்ததும் அவள் செயல், என் காலை அவள் தொட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்றான். அவன் கால் அவனுக்கு. ஒரு துப்பாக்கியின் கோளாறுக்காகக் காலம் பூராவும் நொண்டுவதைவிட அம்மாவுக்காக நொண்டுவது அவனுக்கு ஆறுதலாக இருந்தது. டீ குடிக்க வந்தவர்களுக்கும் அது சரியாகப் பட்டது.

பிறகு ஒரு மழை நாளில், குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு, நனைந்த கரி பற்றாமல் சாம்பிராணி போட வழியின்றி வாசலில் நின்ற ஒருத்தி, தெருவில் போன இலங்காமணியைப் பார்த்து, ஐயா சற்று நில்லுங்கள் என்று ஓடிவந்து, குழந்தையின் ஈரத் தலையை அவர் கைப்புகையில் காட்டினாள். முடி பஞ்சாகக் காய்ந்தது. குழந்தை அன்று நன்றாகத் தூங்கியது, சளியும் விட்டது. அவ்வளவுதான், ஊருக்குத் தெரிந்துபோயிற்று. செவ்வாயும் வெள்ளியும் பெண் பிள்ளைகள், புதனும் சனியும் ஆண் பிள்ளைகள் என்று அவர்களே முறை வைத்துக்கொண்டு, எண்ணெய்த் தலையோடு குழந்தைகளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆயுசில் போலீஸ் ஸ்டேஷன் படி மிதிக்காத பெண்கள் வந்தார்கள், வரப்புத் தகராறில் பேச்சை விட்டிருந்த இரண்டு வீட்டு மருமகள்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்து பேசத் தொடங்கி வழக்கை வாபஸ் வாங்கினார்கள், சாம்பிராணி விற்கிறவர் வியாபாரம் படுத்துவிட்டது என்று இலங்காமணி மேலேயே இலங்காமணியிடம் புகார் கொடுக்க வந்து, வந்த இடத்தில் தன் பேத்தியையும் காட்டிவிட்டுப் போனார். டி.எஸ்.பி. வீட்டிலிருந்துகூட ஒரு குழந்தை காரில் வந்தது.

மல்லிகை கலந்த சாம்பிராணி வாசம் என்றாள் ஒருத்தி. திருநீற்று வாசம் என்றாள் இன்னொருத்தி. இலங்காமணிக்கு மட்டும் அது எப்போதும் கருகிய வெடிமருந்து நாற்றமாகவே இருந்தது. ஒவ்வொரு பிஞ்சுத் தலையும் தன் கைமேல் சாயும்போது அவருக்கு உடம்பு கூசியது. அடித்துத் துரத்தியிருந்தால் தாங்கியிருப்பார், இப்படிக் கும்பிடுகிறார்களே என்றிருந்தது.

இதற்கு நடுவில்தான் துப்பாக்கி ஏன் தானாக வெடித்தது என்று கண்டுபிடிக்க மாவட்டத் தலைமையகத்திலிருந்து ஆர்மரர் டேனியல் ஞானராஜ் வந்தார். துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பதே வேலையாக இருந்தவர், கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் இரவலாகப் பூதக்கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். துணியில் சுற்றி முத்திரை வைத்திருந்த குற்றவாளியை அவிழ்த்து, செய்தித்தாளை விரித்து, ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார். சுருள்வில்லை அமுக்கிப் பார்த்தார், ஊசியைத் தடவிப் பார்த்தார், விசையில் எடைக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டு எத்தனை கனத்துக்கு இறங்குகிறது என்று பார்த்தார், வெறும் துப்பாக்கியைப் பாய்மேல் போட்டு உருட்டினார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒழுங்காக இருக்க இருக்க அவர் முகம் வாடியது, இலங்காமணியின் முகமும் வாடியது. பக்கத்தில் நின்ற புகையை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அது தன் பிரிவில் வராது என்று சொல்லிவிட்டார்.

கடைசியில் பூட்டின் அடியில் குண்டூசியை விட்டுக் கிளறியபோது மஞ்சளாக ஒரு பொடி உதிர்ந்தது. மோந்து பார்த்தார். சந்தனம். பொட்டு வைத்த சந்தனம் வழிந்து பூட்டுக்கடியில் போய்க் காய்ந்து இறுகியிருக்க, பூட்டு விழுந்த மாதிரி தெரிந்தாலும் விழவில்லை. ஞானராஜ் சந்தோஷத்தில் ஒரு டீ சொல்லி அனுப்பினார்.

"பூட்டு விழலன்னாலும், விசைய எதாவது இழுக்கணும்லா சார்?" என்றார் டீயை உறிஞ்சிக்கொண்டே.

அந்த இடத்தில் இலங்காமணி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது, வழவழப்பான அந்தப் பழைய சொல் குறுக்கே கிடந்தது.

ஞானராஜ் நல்ல மனிதர், எதிரில் ஒருவர் தவிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாதவர். அவரே யோசித்து, பூச்சரம் சுற்றியிருந்தது அல்லவா, அந்த வாழைநார் விசையில் சிக்கியிருக்கும், எடுக்கும்போது சுண்டி இழுத்திருக்கும், அப்படித்தானே என்று கேட்டார். இலங்காமணி தலையசைத்தார். தலையசைப்பு சத்தமில்லாமல் நடந்தது, ஆனால் அதில் எல்லாம் முடிந்துபோயிற்று. சந்தனம் வைத்தது யார்? முப்பிடாதி. பூ சுற்றியது யார்? முப்பிடாதி. குண்டு உள்ளே இருந்ததைப் பார்த்துக் கழற்ற வேண்டிய பொறுப்பு யாருடையது? அவளைக் கூப்பிட்டு ஞானராஜ் கேட்டபோது அவள் இலங்காமணியின் முகத்தைப் பார்த்தாள். அவர் ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்தார். என் பொறுப்புதான் சார் என்றாள் அவள்.

அவளைப் பணியிடை நீக்கம் செய்து உத்தரவு வந்தது. விசாரணை முடிந்ததும் வேலையே போய்விடும் என்று எழுத்தர் சொன்னார். அவள் புருஷன் சவுதிக்குப் போன இடத்தில் ஒரு தகவலும் இல்லாமல் இருந்தான், அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது என்பது இலங்காமணிக்குத் தெரியும். உத்தரவை அவர் கையால்தான் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு சல்யூட் அடித்தாள். அவரும் வலது கையைத் தூக்கினார், புகை நெற்றிவரை வந்து நின்றது.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்டேஷன் வாசல் வரிசையில் முப்பிடாதி உட்கார்ந்திருந்தாள். சாதாரண நூல் சேலை, மடியில் துண்டில் சுற்றிய பெண் குழந்தை. நம்ம ஸ்டேஷன் பிள்ளைதானே, நீ முன்னால் போ என்று மற்றவர்கள் வழிவிட்டார்கள். வேண்டாம், முறைப்படியே வருகிறேன் என்றாள். வரிசை நகர்ந்தது. எழுந்து உள்ளே போய்விடலாமா என்று இலங்காமணி நினைத்தார், போகவில்லை. அவள் முறை வந்தது.

"பிள்ளைக்குச் சளி விடமாட்டேங்குய்யா. எல்லாரும் சொல்லுதாவ. செத்த நேரம் காட்டுங்க."

அவர் கையை நீட்டினார். குழந்தை புகையைப் பார்த்துச் சிரித்தது, கையை நீட்டி அவருடைய ஆட்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டது. இத்தனை விரல் இருக்க அந்த விரலை.

இலங்காமணி குனிந்து, பின்னால் இருப்பவளுக்குக் கேட்காத குரலில் பேசினார். "குண்டு போட்டது நான்னு ஆர்மரர்ட்ட நீ ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்லுவியன்னு இருந்தேன்யா."

"சொல்லலையே."

"இன்னைக்கு இல்லன்னா நாளைக்குச் சொல்லுவியன்னு இருந்தேன்." அவள் குழந்தையின் தலையைப் புகைக்குள் திருப்பிவிட்டாள். "ஆனா குண்டு இருந்தா மட்டும் வெடிச்சிருமா? பூவச் சுத்துனது நான்தான. அந்த நார நீளமா விட்டேனா, கத்தரிச்சேனான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன்யா. ஞாபகம் வரமாட்டேங்கு. கோமதிநாயகண்ணன் நடக்கதப் பாத்தாலே எனக்கு வெக்கமா இருக்கு."

அவருடைய வெட்கத்தைத் தூக்கி அவள் சுமந்துகொண்டிருந்தாள், அதுவும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு.

"நாரு சிக்கல முப்பிடாதி," என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க எல்லாரும் கண்ண மூடியிருந்திய. நான் துப்பாக்கிய எடுத்தேன். கோமதிநாயகம் தூக்கப் பாத்துக் குறி வச்சேன். வெளாட்டுக்கு. இந்தா, இந்த விரலாலதான் அமுக்குனேன்."

சொன்னது அவள் காதுக்கு மட்டுமாகப் போய்விடக் கூடாதே என்று எழுந்து நின்று, வரிசை முழுவதும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்த கோமதிநாயகம் தூக்கோடு அப்படியே நின்றான். அவன் பக்தி, பெருமை, நொண்டலுக்குக் கிடைத்த அர்த்தம் எல்லாம் அவன் முகத்திலிருந்து இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள்.

"தூக்கையா குறி வச்சிய?" என்றான்.

"ஆமா."

"தூக்கு வலது கைல்லா இருந்துச்சு. பட்டது இடது கால்லல்லா?"

"குறி தப்பிட்டு," என்றார் இலங்காமணி.

சொல்லிய எல்லாவற்றிலும் அதுதான் அவருக்குக் கேவலமாக இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

முப்பிடாதி குழந்தையின் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவர் விரலை விடுவித்தாள். குழந்தையைப் புகையிலிருந்து வெளியே எடுத்தாள். முந்தானையால் அதன் தலையை அழுத்தித் துடைத்தாள், மோந்து பார்த்தாள், மறுபடியும் துடைத்தாள்.

"மருந்து நாத்தம்," என்றாள்.

வரிசையில் இருந்த பெண்கள் அவரவர் குழந்தையின் உச்சியை மோந்து பார்த்தார்கள். ஆமாம், கருகிய வெடிமருந்து. இவ்வளவு நாள் எப்படித் தெரியாமல் போயிற்று என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஏசவும் இல்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை; துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து, வீட்டில் அடுப்பு அணைந்துவிடும் என்ற மாதிரி சாதாரணமாகப் போனார்கள். மறுநாள் சாம்பிராணிக் கடையில் கூட்டம் இருந்தது.

இலங்காமணி அன்றே டி.எஸ்.பி.யிடம் போய் வாக்குமூலம் கொடுத்தார். துப்பாக்கி குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று, இனி உமக்கு என்ன வந்தது என்று டி.எஸ்.பி. அலுத்துக்கொண்டார், தன் வீட்டுக் குழந்தை நினைவுக்கு வந்ததும் முகம் மாறிக் கையெழுத்துப் போட்டார். ஞானராஜ் போனில் கூப்பிட்டு, எவ்வளவு நல்ல காரணமாகக் கண்டுபிடித்துத் தந்தேன், இப்படிச் செய்துவிட்டீர்களே என்று வருத்தப்பட்டார். முப்பிடாதிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. இலங்காமணி பல மாதம் வீட்டில் இருந்தார். அப்போதுதான் கனியம்மாள் தினமும் துவைக்கும் தலையணை உறையை வெயிலில் உதறிக்கொண்டே, முதல் நாளே எனக்குத் தெரியும், தூக்கத்தில் டிஷ்யூம் என்று சொன்னீர்கள் என்றாள். பிறகு, ஆயுதம் எதையும் கையில் தரக் கூடாது என்ற உத்தரவோடு அவரை அதே ஸ்டேஷனுக்கே அனுப்பினார்கள். புகையும் வந்து சேர்ந்தது. அது கலையவில்லை, உண்மையைச் சொன்னால் கலையும் என்று அவருக்குள் இருந்த சின்ன ஆசைதான் கலைந்தது.

மறு ஆயுத பூசை வந்தது. முப்பிடாதி குண்டுகளைக் கழற்றி, துப்பாக்கிகளை ஒவ்வொருவர் முன்னாலும் ஒருமுறை வெறுமையாகத் திறந்து காட்டி, இலையில் வைத்தாள். பூவை நாரில் கட்டாமல் உதிரியாகத் தூவினாள். அந்த வருஷம் ஸ்டேப்ளரில்கூடப் பின் இல்லை. கோமதிநாயகம் தூக்கோடு வாசலில், சுவருக்கு அந்தப் பக்கம் பாதி உடம்பை மறைத்துக்கொண்டு நின்றான். இலங்காமணி கடைசி ஆளாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

கற்பூரம் ஏற்றினார்கள். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். யாரும் கண்ணை மூடவில்லை. பேசி வைத்துக்கொண்டதல்ல, யாரும் சொல்லிக் கொடுத்ததுமல்ல. எழுத்தர், கோமதிநாயகம், பொரி வாங்க வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் என எல்லோரும், மூடினால் ஆகாது என்பதுபோல விழித்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவைக்கூட ஒருவரும் பார்க்கவில்லை, இலையையும் இலங்காமணியையும்தான் பார்த்தார்கள். இலங்காமணிக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தவிப்பாக இருந்தது, மூடத் தைரியம் வரவில்லை. ஆவாரங்குளம் ஸ்டேஷனில் அந்த வழக்கம் இன்றும் அப்படியே இருக்கிறது, ஏன் என்று கேட்டால் புதிதாக வந்த காவலர்களுக்குத் தெரியாது.

முப்பிடாதி தட்டை ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டு வந்து கடைசியாக அவர் முன்னால் நின்றாள். கற்பூரத்தின் புகை மேலே போய், விசிறியில் பட்டுக் கலைந்தது.

"கையக் காட்டுங்கய்யா," என்றாள்.

அவர் பின்னால் கட்டியிருந்த வலது கையை, புகையோடு, முன்னால் கொண்டுவந்தார்.